அண்ணி உடைத்த சுவர்

என் நாத்தனார் எந்தக் காரியத்தையும் யாரையும் கேட்டுவிட்டுச் செய்ததில்லை. செய்து முடித்த பிறகு, அதுவும் நாமாகக் கண்டுபிடித்துப் போய் நின்ற பிறகு, தலையை லேசாக ஆட்டி, "ஆமா, பண்ணிட்டேன்" என்பாள். அந்தக் குரலில் வருத்தம் இருக்காது, பெருமையும் இருக்காது. கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தேன் என்பது போல இருக்கும்.

அவளை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். என் கணவருக்கு நாலு வயது மூத்தவள். இருபது வயதில் கணவனை இழந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். கல்யாணத்துக்கு முன் அவளைப் பற்றி என் வீட்டில் சொன்னது அவ்வளவுதான். கூடவே, "நாத்தனார் இருக்கற வீடு, பாத்து நடந்துக்கோ" என்றாள் அம்மா.

நான் திண்டிவனத்துப் பெண். எங்கள் வீட்டில் ஜன்னல் கதவைத் திறப்பதென்றாலும் அப்பாவைக் கேட்க வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த மறுநாள் காலையில், அடுக்களை வாசலில் நின்று, "அண்ணி, காப்பி போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "இந்த வூட்ல கேட்டா, நைனா 'பாக்கலாம்'னு சொல்லும். அப்புறம் நீ சாயங்காலம்தான் காப்பி குடிப்ப. உள்ள வந்து போடு."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று போகப் போகத் தெரிந்தது. அவள் நைனா என்று சொன்ன என் மாமனாருக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விலை ஏறும்வரை பொறுத்திருந்து விற்றே பிழைத்த மனிதர் அவர். அந்தப் பொறுமை மண்டியில் அவரைக் காப்பாற்றியது; வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. கிணற்று ராட்டினம் மாற்ற வேண்டுமா, பாக்கலாம். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டதா, தை வரட்டும். தை வந்தால், பங்குனி போகட்டும். கெட்டவர் இல்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மரியாதையாக, சிரித்த முகத்தோடு தள்ளிப்போடுவார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவர் வாரத்தில் பாதி நாள் பண்ருட்டி, விழுப்புரம் என்று மண்டி வேலையாக பஸ்ஸிலேயே இருந்தார். அதனால் அந்த வீட்டில் பெரும்பாலும் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இருக்க, நான் நடுவில் இருந்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்குக் கரண்ட் இழுக்க வந்த ஆளை அண்ணி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டு, எங்கள் கிணற்றடிக்கும் ஒரு பல்பு போட வைத்துவிட்டாள். மாமனார் மண்டியிலிருந்து வந்து கால் கழுவப் போனவர், வெளிச்சத்தைப் பார்த்து நின்றார்.

"யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இப்ப சொல்றேனே நைனா."

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அந்த வீட்டில் சண்டை என்பது அவ்வளவுதான்.

இந்தக் குணம் எப்போதும் ரசிக்கும்படி இருந்தது என்று சொன்னால் பொய். கல்யாணத்துக்கு அம்மா எனக்கு மயில்கழுத்து நீலத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருந்தாள். ஒரு கல்யாணத்துக்குக் கட்டிப்போகலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தால் புடவையைக் காணோம். அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"ஆமா, குடுத்துட்டேன்" என்றாள்.

மண்டியில் மல்லாட்டை உடைக்க வரும் ஒரு பெண்ணின் குடிசை தீப்பிடித்துவிட்டதாம். அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரத்தில். கூறைப்புடவை உட்பட எல்லாம் போயிற்றாம்.

"என்னைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே அண்ணி."

"குடுத்திருப்ப. அதுக்கு மொதல்ல ஒங்க அம்மாவுக்கு லெட்டர் போட்டுக் கேட்டிருப்ப. பதில் வரதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்திருக்கும்."

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் பெட்டியைத் திறந்தபோது, நீலப் புடவை இருந்த இடத்தில் அரக்கு நிறத்தில் ஒரு பழைய பட்டு இருந்தது. மடிப்புகளில் நூல் விட்டுப்போகாமல் வருடத்துக்கு ஒரு முறை மாற்றி மடித்து வைத்த புடவை. அது அவளுடைய கூறைப்புடவை என்று என் கணவர் சொல்லித்தான் தெரிந்தது. அதைப் பற்றியும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மகள் செல்வி ஒரு ஆவணி மாதத்தில் திண்டிவனத்தில் பிறந்தாள். கார்த்திகையில் அவளைச் செஞ்சிக்குக் கூட்டி வந்தோம். தை முடிவதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று அடைபட்டுக் கத்துவது போல ஒரு சத்தம்.

ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு என் புடவையை முகர்ந்து பார்க்காத குறையாக, "புகை வாசனை வருதே, அடுக்களைக்கு ஜன்னல் இல்லியா?" என்று கேட்டார்.

இல்லை. எங்கள் அடுக்களை கூடத்தை ஒட்டி இருந்தது. இரண்டு விறகடுப்பு. புகை போவதற்கு ஓட்டில் ஒரு கை அகல ஓட்டை. மீதிப் புகை கூடத்துக்கு வந்து, அங்கிருந்து நாங்கள் படுக்கும் அறைக்கு வந்து, நிதானமாக எங்களோடு குடியிருந்தது. மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் போதும் என்றார் டாக்டர்.

நான் மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பேத்தி என்றால் உயிர். "கண்டிப்பா வெச்சிடலாம்மா. பங்குனி போவட்டும்" என்றார். பங்குனி போயிற்று. சித்திரையில் மண்டியில் வேலை அதிகம். வைகாசியில் கல்யாணங்கள். ஆனியில் நல்ல நாள் பார்க்கிறேன் என்றார். ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு காலை, செல்விக்கு உதடு நீலம் பூத்துவிட்டது. அண்ணியும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, மத்தியானத்துக்குள் சரியாயிற்று. மறுநாள் மாமனார் மேல்சித்தாமூருக்கு மல்லாட்டை விலை பேசக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே குழந்தையின் தலையைத் தடவி, "ஆவணி பொறந்ததும் மொத வேல அதாம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவர் ஏறிய பஸ் கிளம்பியிருக்கும். அண்ணி மண்டியிலிருந்து ஒரு கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பாவத் தூக்கிகினு பக்கத்து வூட்டுக்குப் போ."

"மாமாவக் கேக்க வேணாமா அண்ணி?"

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மேற்குச் சுவரில், இடுப்புக்கு மேலே, ஓங்கி ஒரு குத்து. கரி படிந்த சுண்ணாம்பு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. விழுந்த செங்கற்களை எடுத்துக் கொல்லையில் அடுக்கினேன். உச்சிப்பொழுதுக்குள் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சுவர் திறந்துவிட்டது. வெளிச்சம் உள்ளே வந்தபோதுதான் அந்த அடுக்களை எவ்வளவு கறுப்பு என்று தெரிந்தது. வருடக்கணக்காக நாங்கள் ஒரு கரிச்சட்டிக்குள் நின்று சமைத்திருக்கிறோம். உடைந்த சுவர் வழியாகக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் பாறைகள் தெரிந்தன. அண்ணி அதையெல்லாம் பார்க்கவில்லை. முகத்தைக்கூடத் துடைக்காமல் தரையைப் பெருக்கினாள்.

சாயங்காலம் மாமனார் வந்தார். சுவரைப் பார்த்தார். முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆடி மாசம்" என்றார். பிறகு, "இது யார் வூடு?" என்று கேட்டார்.

"ஒங்க வூடு நைனா."

"அப்ப யாரக் கேட்டு இடிச்ச?"

அண்ணி கடப்பாரையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள்.

"பல்பு போட்ட, சும்மா இருந்தேன். இது சுவரு. ஒன் இஷ்டத்துக்கு எல்லாம் நடக்கணும்னா, நீ வேற எடம்தான் பாத்துக்கணும்."

குரலை உயர்த்தாமல் சொன்னதால் அது இன்னும் கனமாக விழுந்தது. அவள் போக வேறு இடம் கிடையாது என்று மூன்று பேருக்குமே தெரியும்.

"சரி நைனா" என்றாள் அண்ணி. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஈர விறகு. புகை குபுகுபுவென்று எழுந்து, கூடத்துப் பக்கம் ஒரு எட்டு வந்து, யாரோ கையைப் பிடித்து இழுத்தது போலத் திரும்பி, சுவர் வழியாக வெளியே போயிற்று. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவர் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் கொத்து மேஸ்திரி ஒருவர் வாசலில் நின்றார். மாமனார்தான் மனமிரங்கிச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். இல்லை. சுவரை உடைப்பதற்கு முதல் நாளே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, அண்ணி அவரிடம் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். வந்தவரை மாமனார் திருப்பி அனுப்பவில்லை. அடுக்களைக்குச் சுவர் இல்லாமல் எப்படி இருப்பது?

ஆடி மாதத்தில் வேலை நடக்கிற ஒரே வீடு எங்களுடையதுதான். மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, அடுக்களையின் ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் செல்லரித்துப் போயிருக்கின்றன, ஓட்டைப் பிரித்து மாற்றவேண்டும் என்றார். அடுக்களையைத் தொட்டால் கூடத்தையும் தொட வேண்டும். முனியம்மா என்ற சித்தாளும் இன்னும் இரண்டு பேரும் மணலும் செங்கல்லும் சுமந்தார்கள். சாப்பாடு கொல்லையில் மூன்று கல் வைத்து. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு தூசி. குழந்தையைப் பகல் முழுக்கப் பக்கத்து வீட்டிலேயே வைத்திருந்தோம்.

அந்த நாட்களில் ஒருமுறை மாமனார் என் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஆவணி போவட்டும். அவள விழுப்புரத்துல சித்தப்பா வூட்ல கொண்டு விட்டுடலாம். கொஞ்ச நாளைக்கு." அவர் தள்ளிப்போடும் எல்லாக் காரியங்களிலும் இந்த ஒன்றாவது தள்ளிக்கொண்டே போகவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அண்ணியிடம் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் அவள் இன்னும் வேகமாக வேலை வாங்கினாள்.

ஆவணியில் செல்விக்கு முதல் பிறந்தநாள் வந்தது. வீடு இந்தக் கோலத்தில் இருக்கும்போது யாரையும் கூப்பிட முடியாது, புரட்டாசியில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமனார். நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மாள் என்னை நிறுத்தி, "வர வெள்ளிக்கெழம பொறந்தநாளாமே, எத்தினி மணிக்கு சாப்பாடு?" என்று கேட்டாள்.

நான் ஓடிவந்து அண்ணியைப் பார்த்தேன். மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, சொல்லிட்டேன். ஒங்க அம்மா அப்பாவுக்கும் கார்டு போட்டாச்சு."

"மாமா ஒத்திவெக்கலாம்னாரே அண்ணி."

"கொழந்தைக்கு ஒரு வயசு என்னிக்கு முடியுதோ அன்னிக்குத்தான் முடியும். சுவர் பூசற வரைக்கும் நிக்குமா அது?" என்றவள், சல்லடையைத் தட்டிவிட்டு, "போன மாசம் அந்த ஒதட்டப் பாத்தேன் இல்ல. இந்த நாள் வராதுன்னு நெனச்சேன். வருது. வர நாள வேணாம்னு சொல்லக்கூடாது" என்றாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மேஸ்திரிக்கு அடுத்த வாரம் வேறு ஊரில் வேலை என்று தெரிந்து, கூடத்து ஓட்டையும் பிரிக்கச் சொல்லிவிட்டாள். இரண்டே நாளில் புதுக் கைமரம் ஏற்றி ஓடு வேய்ந்துவிடலாம் என்று கணக்கு. திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய கைமரமும் வரவில்லை, அதைத் தேடிப் போன என் கணவரும் இன்னும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கூடத்துக்கு மேலே வானம்தான் இருந்தது.

"நல்லா வெளிச்சமா இருக்குது" என்றாள் அண்ணி.

ஆனாலும் அன்று காலை அழகாகவே தொடங்கியது. அவள் விடிவதற்குள் எழுந்து மணல் குவியலையெல்லாம் ஒதுக்கி, செங்கலைச் சுவரோரம் அடுக்கி, பூசுவதற்கு வாங்கி வைத்திருந்த சுட்ட சுண்ணாம்பைக் கூடத்து மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தாள். தரையில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம். செல்விக்கு மஞ்சள் கவுன். கொல்லையில் சாம்பார், வடை, சேமியா பாயசம். திண்டிவனத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா மேலே வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கடைத்தெருக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். வந்தவர்கள், "வூடு பெருசா பண்றீங்க போல" என்று சொல்லச் சொல்ல, கும்பிடு கொஞ்சம் தாராளமாயிற்று. மகளோடு மட்டும் பேசவில்லை.

முதல் பந்திக்கு இலை போட்டு உப்பும் வடையும் வைத்தாயிற்று. அப்போது கூடம் இருட்டியது.

ஆவணி மழை சொல்லிவிட்டு வருவதில்லை. கோட்டைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்து, பெரிய பெரிய துளிகளாக, நேராக எங்கள் கூடத்துக்குள் கொட்டியது. இலைகள் மிதந்தன. கோலம் கரைந்து ஓடியது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அறைப்பக்கம் நெருக்கினார்கள். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

மூலையில் சாக்குக்கு அடியில் தண்ணீர் புகுந்தது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும். முதலில் சீறுகிற சத்தம். பிறகு வெள்ளையாக ஆவி. சாக்கு தானாகவே மேலே எழும்பியது. வெந்த சுண்ணாம்பு வாடை கூடம் முழுக்கப் பரவி எல்லோருக்கும் கண் எரிந்தது. என் இடுப்பிலிருந்த செல்வி இருமத் தொடங்கினாள். இரண்டு இருமலுக்குப் பின் அந்தப் பழைய சத்தம், பூனைக்குட்டிச் சத்தம், அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

நான் அண்ணியைத் தேடினேன். எப்போதும் முதலில் நகர்கிறவள் அவள்தானே. அவள் கூடத்து நடுவில், கொட்டுகிற மழையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வடைத் தட்டு. கண் குழந்தை மேல். அந்தச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து அங்கே வைத்தவள் அவள். ஓட்டைப் பிரிக்கச் சொன்னவள் அவள். இத்தனை பேரைக் கூப்பிட்டவளும் அவள். நாலு வாரமாகத் தன்னோடு பேசாத அப்பாவை நோக்கித் திரும்பினாள்.

"இன்னா பண்றது நைனா?"

அவள் ஒருவரைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

'பாக்கலாம்' என்று சொல்லவில்லை மாமனார். ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

"கெடங்குக்குப் போ. சாவி அங்க எரவாணத்துல, ஓட்டுக்கு அடியில இருக்குது, ஓடிப் போய்த் தெற. ஏம்மா, புள்ளைய முந்தானையில மூடிகினு அவ பின்னாடி போ. மேஸ்திரி, சுண்ணாம்பு மேல மணலக் கொட்டு. முனியம்மா, குண்டானுக்கு ஒரு பக்கம் நீ புடி, நான் ஒரு பக்கம் புடிக்கறேன். வந்தவங்க யாரும் சாப்புடாம போவக்கூடாது."

அந்த மனிதருக்கு இவ்வளவு வேகம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அண்ணி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மண்டிக் கிடங்கு நாலு கடை தள்ளி. புது மல்லாட்டை வர இன்னும் ஒரு மாதம் இருந்ததால் கழுவிவிட்டுக் காலியாகக் கிடந்தது. அண்ணி இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்தாள். மழைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. வாசலோரம் உட்கார்ந்து, குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து முதுகைத் தடவினேன். அண்ணி என் முன்னால் குத்துக்காலிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருமல் விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றது. சத்தம் மெலிந்து மெலிந்து, மழைச் சத்தத்தில் காணாமல் போயிற்று. செல்வி தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஒதடு செவப்பாத்தான் இருக்குது" என்றாள் அண்ணி. அதை மூன்று தடவை சொன்னாள்.

அதற்குள் சாம்பார்க் குண்டான் வந்தது. பாயசம் வந்தது. மாமனார் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, வேட்டி முழங்கால் வரை நனைந்து, இலைக்கட்டோடு வந்தார். சாக்குகளை மடித்து வரிசையாகப் போட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். கடைத்தெருக்காரர்கள், என் அப்பா அம்மா, குண்டான் தூக்கி வந்த மேஸ்திரி, முனியம்மா, அவளோடு வந்த சித்தாள்கள், எல்லோரும் நனைந்த துணியோடு அந்த நீளக் கிடங்கில் உட்கார்ந்தார்கள். ஒரு குடும்பம் மட்டும், பக்கத்தில் முனியம்மாவும் சித்தாள்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி மழையிலேயே கிளம்பியது. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

மாமனார் அவர்கள் போவதைப் பார்த்தார். "சோறு ஆறுது, போடும்மா" என்றார். மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

சாம்பாரில் கொஞ்சம் மழைத்தண்ணீர் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அம்மா இரண்டு தடவை பாயசம் வாங்கிக்கொண்டாள்.

மழை விட்டதும் வந்தவர்கள் கிளம்பினார்கள். கிடங்குக்குப் பின்னால் இருந்த கிணற்றடியில் அண்ணியும் நானும் குண்டான்களைத் தேய்த்தோம். செல்வி உள்ளே என் அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமாவப் போய் கேட்டீங்களே அண்ணி. நீங்க யாரயும் கேக்க மாட்டீங்களே."

அவள் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குக் காச்சல் வந்தப்ப கேட்டேன்" என்றாள். அவள் தன் கணவனைப் பற்றிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலாமான்னு எங்க மாமியாரக் கேட்டேன். மாமனாரு சந்தைக்குப் போயிருக்காரு, அவரு வரட்டும், கேட்டுகினு போவலாம்னு சொன்னாங்க. ரெண்டு நாளு. வண்டி வாசல்ல இருந்துச்சு. மாடு கொட்டாயில இருந்துச்சு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்."

குண்டானைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"கேட்டா பதில் வராதுன்னு மனசுல வெச்சுட்டேன். இன்னிக்கு ஒண்ணும் புரியாம வாயில வந்துடுச்சு." அடுத்த குண்டானை இழுத்துக்கொண்டே, "நைனா ஒடனே சொல்லுச்சு, பாத்தியா?" என்றாள். பரிசு வாங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அப்போது அவள் முகம்.

விழுப்புரம் சித்தப்பா பேச்சு அதன் பிறகு எழவில்லை. கைமரம் அடுத்த வாரம் வந்தது. மேற்குச் சுவரில் ஒன்று, கொல்லைப் பக்கம் ஒன்று என்று அடுக்களைக்கு இரண்டு ஜன்னல், மேலே புகைபோக்கி. அந்த ஐப்பசி மழைக்காலம் முழுக்க செல்விக்கு ஒரே ஒரு தடவைதான் இழுப்பு வந்தது. மறு வருடம் அதுவும் இல்லை.

அண்ணி மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. வேலியை நகர்த்தினாள், எருமை ஒன்று வாங்கி வந்தாள், ஐந்து வயதாவதற்குள் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆனால் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. சில நாள் காலையில், மாமனார் மண்டிக்குக் கிளம்பும்போது, வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள்.

"நைனா, இன்னிக்கு கத்திரிக்கா வெக்கட்டுமா, முருங்கக்கா வெக்கட்டுமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, யோசிக்காமல், "கத்திரிக்கா வெய்ம்மா" என்பார். அவள் சரி என்று தலையாட்டி, அவர் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்ப்பாள். உள்ளே அடுப்பில், அதற்குள்ளாகவே, முருங்கைக்காய் பாதி வெந்திருக்கும்.